மலைத்தபால் மாறனை வரைந்தவர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். "ஏம்ப்பா வரமாட்டேங்கிய? உங்களுக்கு மரியாதை செய்யத்தான கூப்பிடுதாங்க?" என்று நீ கத்தியது படியேறும்போதும் கேட்டது. உன் கோபம் நியாயம்தான். கனடாவுக்குக் கிளம்புவதற்குள் அப்பாவை ஒரு மேடையில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். சென்னையில் இருக்கிற வேலைக்கு நடுவில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசினாய். 'மலைத்தபால் மாறன்' கதைகள் ஆறையும் ஒரே புத்தகமாகக் கொண்டுவர என் பிரதிகளை ஸ்கேன் எடுத்துக் கொடுத்தாய். வெளியீட்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தவும் அவர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். முன்னுரையும் நீயே எழுதினாய். அதை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றைக்கே வாசித்துவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதில் ஒரு வரி மட்டும் பொய். அந்தப் பொய் உன்னுடையது இல்லை, நான் உனக்குச் சொன்னது. அதனால்தான் போனில் வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், பெற்ற மகனுக்கு இப்படி நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறுமையாக வாசி.

மாறனை நான் முதலில் பார்த்தது ஆறாம் வகுப்பு படிக்கும்போது, கோயிலுக்கு மேற்கே இருந்த சலூனில். அட்டை கிழிந்த புத்தகம். மணி கட்டிய ஈட்டியும் தோளில் தபால் பையுமாக மலையேறி ஓடுகிற ஒருவனின் கதை. பையில் யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் இருக்கும். அது போய்ச் சேர்வதற்குள் ஆற்று வெள்ளம், கொள்ளைக்காரன், யானை எல்லாம் குறுக்கே வரும். கதை சாதாரணமானதுதான். என்னைப் பிடித்து உட்காரவைத்தது படம். அந்த ஓவியர் மழையைக் கோடு போட்டுக் காட்டமாட்டார். மழையில் போகிறவன் தோளைக் குறுக்கிக்கொண்டு போவதை வரைவார், அதிலேயே நாம் நனைந்துவிடுவோம். மாறன் முள் குத்திய பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் உள்ளங்கால் கூசும். தூரிகையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் கெண்டைக்காலைப் போட்டிருப்பார். சிவப்பு மை சற்று விலகி அச்சாகியிருக்கும், ஆனாலும் அந்தக் கால் ஓடிக்கொண்டேயிருக்கும். தபால் இலாகா பரீட்சையை நான் எழுதியதற்கு அந்தக் காலும் ஒரு காரணம் என்று சொன்னால் உன் அம்மா சிரிப்பாள். வரைந்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. அந்தக் காலத்தில் படம் போட்டவர் பெயரை யார் போட்டார்கள்? ஆறு இதழ் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

வேலைக்கு வந்தபின் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி ஐந்து இதழ்களைச் சேர்த்தேன். ஐந்தாவது இதழ் மட்டும் சிக்கவேயில்லை. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாச்சான் உருண்டை வைத்து, பீரோவின் மேல்தட்டில் பூட்டி வைத்திருந்தேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சாவியை எடுத்து, இரண்டாவது இதழைப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், கரிவலம்வந்தநல்லூரில் இருந்து வருகிற உன் கூட்டாளிக்கு வாசிக்கக் கொடுத்துவிட்டாய். அட்டை இல்லாமல் திரும்பி வந்தது. நான் உன்னை அடிக்கவில்லை. நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது நீயாகவே, "அவன் பத்தாம் பக்கத்துல விழுந்து விழுந்து சிரிச்சாம்ப்பா" என்றாய். அதற்கும் நான் நிமிரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நீ அந்தப் பீரோ பக்கமே வரவில்லை. தனக்குப் பிடித்ததைக் கூட்டாளியோடு பங்கு போட்டுக்கொண்ட பிள்ளைக்கு நான் கொடுத்த தண்டனை அது. அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதன் விலையை வேறொருவர் கொடுத்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

காமிக்ஸ் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். அதில் டாக்டர்கள், வக்கீல்கள், முழு வரிசையையும் இரண்டு இரண்டு பிரதியாக வைத்திருப்பவர்கள் எல்லாம் உண்டு. நான் சங்கரன்கோவில் தபால் குமாஸ்தா, ஐந்து மாறன் இதழ், அதிலும் ஒன்றுக்கு அட்டை இல்லை. ஒருநாள் ஆசையாக என் பிரதிகளைப் படம் எடுத்துப் போட்டேன். "அட்டை இல்லாததெல்லாம் கணக்கில் சேராது சார்" என்று ஒருவர் எழுதினார், நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சின்ன விஷயம். நான் அதைச் சின்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழுவில் மாதம் ஒருமுறையாவது எழுகிற கேள்வி ஒன்று உண்டு: மாறனை வரைந்தது யார்? மதுரையில் இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான் அதிகம் கேட்பார். பழைய அச்சகக்காரர்களை எல்லாம் விசாரித்துவிட்டேன், ஆள் உயிரோடு இருந்தால் ஒரு தடவை காலைத் தொட்டுக் கும்பிடணும் என்று எழுதுவார். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. மாறன் ஓடுகிற மலை கற்பனை மலை இல்லை. வாசுதேவநல்லூர் குளத்தங்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலை முகடு, மடிப்பு மாறாமல் அப்படியே அந்தக் கட்டங்களில் இருந்தது.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் என்னை இரண்டு மாதம் வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் ராயகிரிக்கு மாற்று வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு மத்தியானம் டீக்கடை முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றது. பின்பலகையில் பாயும் காளை ஒன்று வரைந்திருந்தது. அதன் பின்னங்காலைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாறனின் கால் அது. "யாரு வரைஞ்சது?" என்று கேட்டேன். "நம்ம கோமதிநாயகம் அண்ணாச்சிதான், வேற யாரு இங்கன இப்படி வரைவா?" என்றான் டிரைவர். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை வண்டி ஓட்டச் சொல்லி இரண்டு பேருமாகப் போனோமே, அதுதான் அவரை நான் பார்த்த முதல் நாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இருந்து வந்தார், கால் முட்டு வரைக்கும் சேறு. நான் உறையில் இருந்து மூன்றாவது இதழை எடுத்து நீட்டினேன். கை சேறாக இருக்கிறதே என்று அவர் வாங்கவில்லை. தோட்டத்துப் பக்கம் ஓடிப் போய்க் கைகழுவி, வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் தொட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனவர், "ஏட்டி, சம்முவத்தாயி, இங்க ஓடி வா. ஒன் காலு வந்திருக்கு" என்று கூப்பிட்டார்.

உனக்கு இது நினைவிருக்கும், நீயும் சிரித்தாய். சிவகாசியில் அச்சகத்தில் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், லீவுக்கு ஊர் வரும்போது, நாற்று நட்டுவிட்டு வரப்பேறி வருகிற மனைவியின் காலைப் பார்த்துத்தான் மாறனின் காலை வரைந்தாராம். "ஊரு பூரா எங்காலைப் போட்டு வித்துட்டு, இப்பதான் சொல்லுதாக பாருங்க தம்பி" என்று அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தன் அப்பா இறந்ததும் வயலைப் பார்க்க ஆள் இல்லாமல் அண்ணாச்சி ஊருக்கு வந்துவிட்டார். மாறனும் அதோடு நின்றுபோனான். இதெல்லாம் பேசி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. திரும்பும் வழியில் நீ கேட்டாய், "அப்பா, போட்டோவைக் குரூப்ல போடட்டுமா? எல்லாரும் துள்ளிக் குதிப்பாங்க." நான், "வேண்டாம்லே. அவருக்கு வெளம்பரம் புடிக்காது, யார்ட்டயும் சொல்லாதீகன்னு கேட்டுக்கிட்டாரு" என்றேன். அவர் அப்படிக் கேட்கவேயில்லை, தம்பி. வாசல்வரை வந்து, "இன்னொரு நா நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொன்னார். நீ அப்போது தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாய்.

ஏன் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அந்த டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாரும் வாயடைத்துப் போகும்படி ஒரு நீளமான கட்டுரை எழுதி, அவர் படமும் என் பெயருமாக ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை வேறு யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஐந்தாவது இதழ் கிடைக்கட்டும், ஆறிலும் அவர் கையெழுத்து வாங்கிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு கட்டுரையின் தொடக்கம் சரியாக அமையவில்லை என்று தள்ளிப்போட்டேன். இப்படி மூன்று வருஷம் போயிற்று. மாதம் ஒருமுறை போவேன். அவர் பழைய நினைவுகளைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள் என்றால் குழந்தை மாதிரி உடனே உட்கார்ந்துவிடுவார். அந்த நேரங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு மட்டும் என்று இருந்ததில்தான் கோளாறு.

இரண்டாவது வருஷம் ஒருநாள், அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, ஒண்ணு கேக்கேன். இந்த மாறனை எல்லாம் இப்ப யாராச்சும் ஞாபகம் வச்சிருக்காகளா?" என் சட்டைப்பையில் போன் இருந்தது. அன்று காலையில்தான் நாலாவது இதழில் வருகிற வெள்ளத்தைப் பற்றிக் குழுவில் அத்தனை பேரும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். இந்தக் கை யாருடையது என்று மதுரைக்காரர் மறுபடியும் கேட்டிருந்தார். போனை எடுத்துக் காட்டியிருந்தால் போதும். நான், "எங்க அண்ணாச்சி, என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு கிறுக்கு இருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "அது சரி வே. வாசிச்சுட்டுப் பொட்டலம் மடிச்சிருப்பாக" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. நீ என் மகன். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று உன்னிடம் யாராவது கேட்டால், இதைச் சொல்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கி விழுந்த அண்ணாச்சி பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார், எனக்குத் தகவல் வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். சண்முகத்தாய் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராச்சும் தேடி வந்தீகளே தம்பி, அந்த நெறவோட போயிட்டாக" என்று அழுதார். அண்ணாச்சி சாகும்வரை வைத்திருந்த பென்சில் படங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு, "இதோட அருமை ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று என்னிடமே கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் குழுவில் எழுதினேன். நீ காலேஜில் கடைசி வருஷம் இருந்தாய், விடுதியில் எல்லாருக்கும் காட்டியதாகச் சொன்னாய். பாராட்டு குவிந்தது. நான் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே நாளில் கிடைத்தது. மதுரைக்காரர் மட்டும் எழுதவில்லை, போனில் கூப்பிட்டார். எடுத்ததும், "மூணு மணி நேரப் பயணம் சார். ஒரு தடவை பார்த்திருப்பேனே. எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார். "கடைசி நாள்லதான். அவருக்கும் வெளம்பரம் பிடிக்காது" என்றேன். உனக்குச் சொன்ன அதே பொய், பழகியிருந்ததால் தடுமாறாமல் வந்தது. அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. ஐந்தாவது இதழ். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'என்னிடம் இரண்டு இருந்தது. கேட்டிருந்தால் அப்போதே அனுப்பியிருப்பேன்.' நீ ஸ்கேன் எடுத்தது அந்தப் பிரதியைத்தான். இப்போது அவரும் இல்லை.

உன் முன்னுரையில், 'புகழை விரும்பாமல் ஒதுங்கி வாழ்ந்த மனிதர். அவருடைய அந்த விருப்பத்தை இறுதிவரை காப்பாற்றியவர் என் தந்தை' என்று எழுதியிருக்கிறாய். அது அச்சாகிவிட்டால் அவர் அப்படிப்பட்டவராகவே ஆகிவிடுவார். அதனால் புதன்கிழமை காலையில் அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனேன். "சொல்லிட்டுதான் வரணும், பாதியில திரும்பிராதீக" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். அவளிடம் முந்தின நாள்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மதினி முன்னறையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து, முதல் நாளில் இருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேட்ட கேள்வியையும் என் பதிலையும் சொன்னபோது மட்டும் கை நின்றது. நான் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன பேரு வந்திருப்பாக?"

"முப்பது நாப்பது பேராவது வந்திருப்பாக மதினி."

அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், நெல் மூட்டை, தையல் மிஷின். "அவ்வளவு பேரு உக்கார இங்கன எடம் ஏது?" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லுகிறார் என்று நினைத்துவிட்டேன். வாசலுக்கு வெளியே பார்த்தபடி, "தெருவுல ஜமுக்காளம் விரிச்சிருப்பாக. அவுகளே ஓடி ஓடி விரிச்சிருப்பாக" என்றார்.

நான் முன்னுரை வரியையும் சொன்னேன். "யாரு? இவுகளா?" என்று கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, "கூட்டம்னா அவுகளுக்கு உசுரு தம்பி. கோயில் கொடைக்கு மொத ஆளாப் போயிக் கடைசி ஆளாத்தான் வருவாக" என்றார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது தப்பு. அதை மாத்தச் சொல்லுங்க" என்றார். பையை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக் கட்டிலில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுந்து, "வாரேன் மதினி" என்றேன். போயிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை. "சரி" என்றார்.

தம்பி, நீ கடல் தாண்டிப் போகிறாய். அங்கே உனக்குப் பிடித்த மனிதர்கள் கிடைப்பார்கள். ஒருவர் செய்த வேலை உன் மனதைத் தொட்டால், அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு, நாலு பேரிடமும் சொல்லு. அழகாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதே. நான் அழகாகச் சொல்லக் காத்திருந்தேன். என் பிள்ளை என்பதற்காக என்னை மன்னித்துவிடவும் வேண்டாம். கொஞ்ச நாள் கோபமாகவே இரு. நாலு நாள் பேசாமல் இருக்க உனக்கும் உரிமை உண்டு.

பொன்னாடையை வேண்டாம் என்று அவர்களிடம் நீயே சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஒளிக்க வேண்டாம். முன்னுரையில் என்னைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. ஒதுங்கி வாழ்ந்தவர் என்று எழுதிய இடத்தில், 'கூட்டம் என்றால் அவருக்கு உயிர். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருவார்' என்று போடு. சொன்னவர் அவர் மனைவி சண்முகத்தாய் என்று பெயரையும் போடு.

அப்பா